ஒரு ஜன்னலுக்கு மூன்று திரை: அகலம், உயரம், அப்புறம் ஆழம்

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு மூன்று அடுக்காகத் திரை போட்டு முடித்தாயிற்று. கண்ணாடியை ஒட்டி உருளையில் சுருண்டு இறங்கும் ஒரு ரோலர் பிளைண்ட், அதற்கு முன்னால் மெல்லிய ஷீர் துணி, எல்லாவற்றுக்கும் முன்னால் வெளிச்சத்தை அடைக்கும் கனமான பிளாக்அவுட் துணி. இப்போது எதை இழுத்தாலும் அது மட்டும் நகர்கிறது, மற்ற இரண்டும் இருந்த இடத்தில் நிற்கின்றன. இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இரட்டை ராடில் இரண்டு திரை மாட்டி, ஒன்றை இழுக்கும்போது மற்றது சுருண்டு கூடவே வருவதைப் பார்த்துக் கடுப்பானவர்களுக்குத் தெரியும்.

ஜன்னல் திரைக்கு அகலத்தையும் உயரத்தையும் எல்லோரும் அளக்கிறோம். ஒரே ஒரு திரை என்றால் அது போதும். அடுக்கு என்று வந்துவிட்டால் சுவரிலிருந்து ஒவ்வொரு துணியும் எவ்வளவு முன்னே வருகிறது, எவ்வளவு பின்னே போகிறது என்பதுதான் முக்கியமான அளவு. இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் எந்த அடுக்குக்கு என்ன வேலை என்று பிரித்துக்கொண்டேன். மதியத்துக்குப் பிறகு வெயில் தாழ்வாக, நேராக உள்ளே வருகிறது. கண் கூசாமல் இருக்க ரோலர் பிளைண்ட். பகலில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அறை தெரியாமலும், ஆனால் வெளிச்சம் வரும்படியும் இருக்க ஷீர். தூக்கத்துக்கு பிளாக்அவுட். ரோலரிலேயே பிளாக்அவுட் துணி போட்டுவிட்டால் ஒரு அடுக்கு மிச்சம்தானே என்று யோசித்தேன். ஆனால் ரோலர் துணி ஒருபோதும் சட்டத்தின் முழு அகலத்துக்கும் வராது. உருளையின் ஒரு முனையில் சங்கிலிச் சக்கரம், மறுமுனையில் அதைத் தாங்கும் சின்ன முளை. இரண்டும் இடம் பிடிக்கும். அந்த இடைவெளியில் இரண்டு ஓரத்திலும் வெளிச்சக் கோடு விழும். முழு இருட்டு வேண்டுமென்றால் அது சுவர் மேலும் படர்ந்து மூடுகிற துணியால்தான் முடியும். ஆகவே ரோலருக்கு சன்ஸ்கிரீன் வகைத் துணி எடுத்தேன்.

இந்தத் துணியை அதன் நெசவில் இருக்கும் திறப்பின் சதவீதத்தைச் சொல்லி விற்கிறார்கள். 1, 3, 5, 10 என்று வரும். 10 என்றால் வெளியே நன்றாகத் தெரியும், கூசவும் செய்யும். நேராக வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு 3 எடுத்தேன். நிறத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அடர்நிறத் துணி வழியாக வெளியே பார்த்தால் காட்சி தெளிவாக இருக்கும், கூச்சமும் குறைவு. வெளிர்நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் துணியே ஒளிர்ந்து காட்சியை மங்கலாக்கும். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெளுப்பாகவும் அறைப் பக்கம் சாம்பலாகவும் இருக்கும் வகை கிடைத்ததால் பிரச்சினை தீர்ந்தது. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் இந்தத் துணியும் சரி, ஷீரும் சரி, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மறைப்பே இல்லை. பகலில் கடையில் நின்று தேர்ந்தெடுக்கும்போது இது மனதில் வராது.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே போடும் எந்தத் திரையும் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கிறது. ஒளியாகத் திருப்பி அனுப்பியது மட்டும்தான் வெளியே போகும். துணி உறிஞ்சியது சூடாக மாறி அறைக்குள்தான் தங்கும். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெளுப்பாக இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். வெயிலை வெளியிலேயே நிறுத்த முடிந்தால் அதற்கு ஈடே கிடையாது. எனக்கு வெளியே எதுவும் மாட்ட வழியில்லை.

சரி, அளவுக்கு வருவோம்.

சுவரில் ஜன்னல் உட்கார்ந்திருக்கும் குழியின் அகலம் மேலே 1502 மில்லிமீட்டர், நடுவில் 1496, கீழே 1499. ரோலர் குழிக்குள் போவதால் மிகச் சிறிய அளவுதான் கணக்கு. மூலைக்கு மூலை அளந்ததில் ஒன்று 2015, மற்றது 2021. 6 மில்லிமீட்டர் கோணல். இது பரவாயில்லை. இதற்கு மேல் என்றால் ரோலரைக் குழிக்குள் வைக்காமல் சுவரின் மேல் வைப்பது நல்லது. இரும்பு டேப்பால்தான் அளக்க வேண்டும். தையல் டேப் நாளாவட்டத்தில் நீண்டுவிடும், அதை நம்பி ரோலர் சொன்னால் உள்ளே நுழையாது.

ரோலருக்கு அளவு கொடுக்கும்போது அது குழியின் அளவா, பிராக்கெட்டோடு சேர்ந்த மொத்த அளவா, துணியின் அளவா என்று எழுதிக் கொடுங்கள். இந்த மூன்றும் வெவ்வேறு. 1496 என்ற குழிக்கு மொத்தம் 1486 செய்தார்கள், துணி 1452 வந்தது. அதாவது ஓரத்துக்கு 22 மில்லிமீட்டர் திறந்திருக்கிறது. எந்த அளவு என்று சொல்லாமல் விட்டிருந்தால் குழி அளவுக்கே பிராக்கெட்டும் சேர்ந்து வந்து நின்றிருக்கும்.

இங்கேதான் ஆழம் முதல் தடவை தலைகாட்டியது. குழியின் ஆழம் சட்டத்திலிருந்து சுவர்முகம் வரை 9 சென்டிமீட்டர். ஜன்னல் கைப்பிடி அதில் 4 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. ரோலர் துணி வழக்கமாக உருளையின் பின்பக்கத்திலிருந்து, கண்ணாடியை ஒட்டி இறங்கும். அப்படி இறங்கினால் நேராகக் கைப்பிடியில் போய் விழும். துணியை உருளையின் முன்பக்கத்திலிருந்து இறங்கும்படி சுற்றித் தரச் சொன்னேன். இதனால் துணி 5 சென்டிமீட்டருக்கு மேல் முன்னே வந்து கைப்பிடியைத் தாண்டி இறங்குகிறது. ஓர வெளிச்சம் கொஞ்சம் கூடும், ஆனால் அந்த வேலை பிளாக்அவுட்டுக்குத்தானே. முன்பக்கச் சுற்று என்றால் துணியின் எந்த முகம் அறைப் பக்கம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வெளுப்பு முகம் உள்ளே வந்து நிற்கும்.

ரோலர் பிராக்கெட்டை மேலே மாட்டலாம், பக்கத்திலும் மாட்டலாம். நான் பக்கச் சுவரைத் தேர்ந்தெடுத்தேன். ஜன்னலுக்கு மேலே இருப்பது கான்கிரீட் லிண்டல், அதாவது மேல் சுவரைத் தாங்கும் உத்தரம். அதன் அடிப்பக்கத்தில்தான் முக்கியமான கம்பிகள் போகின்றன, 2, 2.5 சென்டிமீட்டர் கான்கிரீட்டுக்கு உள்ளேயே. அங்கே துளை போட்டால் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளக் இறங்குவதற்குள் கம்பி குறுக்கே வரும். பக்கச் சுவரில் ஒரே கவலை மூலை. சுவரின் விளிம்புக்கு மிக அருகில் துளையிட்டால் பூச்சு மூலையோடு பெயர்ந்து விழும். விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, முதலில் 4 மில்லிமீட்டர் பிட், பிறகு 6 மில்லிமீட்டர். ஹாமர் பட்டனை அணைத்துவிட்டு, மெதுவாக. பூச்சு உதிரவில்லை.

மாட்டியதும் துணி சுருளும்போது இடப்பக்கமாக நகர்ந்து பிராக்கெட்டில் உரசியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் உருளை சரியாகத்தான் இருக்கிறது. துணியை முழுக்க இறக்கி, உருளையின் வலது ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்று ஒட்டினேன். டேப் ஒட்டிய பக்கம் உருளை மயிரிழை பருத்துவிடும், துணி அந்தப் பக்கமாக இழுபடும். ஒரு சுற்று போதவில்லை, இரண்டில் நின்றது. ரோலர் சாய்ந்து சுருண்டால் பிராக்கெட்டைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

சங்கிலியை ஜன்னல் ஓரத்தில் ஒரு பிடிப்பான் வைத்து விறைப்பாகச் சுவரோடு பிடித்தேன். தொங்கும் வளையமாக விடுவது சின்னக் குழந்தைகளின் கழுத்துக்கு ஆபத்து. அமெரிக்காவில் 2018 டிசம்பரிலிருந்து கடையில் தயாராக விற்கும் ஜன்னல் மறைப்புகளில் கைக்கு எட்டும் கயிறே இருக்கக்கூடாது என்று தரவிதி வந்தது. 2024 ஜூனில் அளவு கொடுத்துச் செய்பவற்றிலும் தொங்கும் இழுகயிறுக்குத் தடை வந்துவிட்டது. பிடிப்பான் ரோலரோடு பொட்டலத்திலேயே வருகிறது. அதை மாட்டாமல் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது ராடும் அதன் பிராக்கெட்டும். வேலையின் கனமான பகுதி இதுதான்.

குழியின் அகலம் 150. ஓரத்துக்கு 20 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு ராடின் நீளம் 190. திறந்து வைக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காமல் ஓரத்தில் ஒதுங்க இடம் வேண்டும். கனத்துணி ஒரு பக்கத்துக்கு 25 சென்டிமீட்டராவது கட்டாகச் சேரும். 20 விட்டதால் கண்ணாடி மேல் கொஞ்சம் ஏறி நிற்கிறது. இன்னும் 10 விட்டிருக்கலாம், ஆனால் வலப்பக்கம் அலமாரி. முன் ராட் 25 மில்லிமீட்டர் தடிமன், பின் ராட் 16. நடுவில் ஒரு தாங்கி. 150 சென்டிமீட்டருக்கு மேல் போகும் ராடுக்கு நடுத்தாங்கி இல்லாவிட்டால் சில மாதத்தில் வில்லாக வளைந்துவிடும். நடுத்தாங்கி வைத்தால் துணி அதைத் தாண்டிப் போகாது. அதனால் இரண்டு பக்கமும் திறக்கும் ஜோடித் திரைதான் ஒரே வழி.

ஜன்னலுக்கு மேலே 10 சென்டிமீட்டரில் கோடு போட்டுத் துளையிட ஆரம்பித்தேன். நடுவில் சாதாரண டிரில் அசையவே இல்லை. லிண்டல் கான்கிரீட். ஹாமர் டிரில் கடன் வாங்கி அதை முடித்தேன். இடது ஓரமும் கான்கிரீட்தான். வலது ஓரத்தில் மட்டும் பிட் திடீரென்று வெண்ணெயில் இறங்குவது போல உள்ளே போய்விட்டது. லிண்டல் ஜன்னலின் இரண்டு பக்கமும் 15, 20 சென்டிமீட்டர் சுவருக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கும், அதற்கு அப்பால் செங்கல். என்னுடைய வலது துளை லிண்டல் முடிந்து, செங்கல் தொடங்கும் முன் இருக்கும் கலவையில் சரியாக விழுந்திருக்கிறது. பிளக்கைத் தட்டி ஸ்க்ரூவை முறுக்கினால் பிளக்கும் சேர்ந்து சுற்றியது. பெரிய பிளக், தீக்குச்சி, பசை என்று ஒப்பேற்றலாம்தான். ஆனால் முன் ராடின் பிராக்கெட் சுவரிலிருந்து ஒரு சாண் அளவுக்கு நீட்டிக்கொண்டு நிற்பது. கனத்துணி மட்டும் மூன்றரைக் கிலோ, அதோடு யாராவது அவசரத்தில் சடக்கென்று இழுப்பார்கள். நெம்புகோல் வேலை எல்லாம் மேல் ஸ்க்ரூ ஒன்றின் தலையில்தான் விழும்.

அதனால் பிராக்கெட்டை நேராகச் சுவரில் வைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு ஒரு பலகை வைத்தேன். 25 மில்லிமீட்டர் தடிமன், 10 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம். நன்றாகக் காய்ந்த கடினமரம். ஒட்டுப்பலகையும் ஆகும், துகள்பலகை மட்டும் வேண்டாம், ஸ்க்ரூ பிடிக்காது. பலகையைச் சுவரில் எங்கே பிடிக்க வேண்டும் என்பதை நானே தீர்மானிக்கலாம் என்பதுதான் இதன் சுகம். ஓட்டை கம்பியில் முட்டினால் நாலு சென்டிமீட்டர் தள்ளி வேறொன்று. கலவையில் விழுந்தால் விட்டுவிட்டு அடுத்தது. பழைய ஓட்டைகள் எல்லாம் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும். பிராக்கெட் வரவேண்டிய இடமும் சுவரில் பிடி கிடைக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

பலகைக்கு 80 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, 8 மில்லிமீட்டர் பிளக். 25 பலகையிலேயே போய்விடும், 15 பூச்சில், மீதி 40 தான் கெட்டியான சுவரில். பிளக்கைச் சுவர் மட்டத்தோடு நிறுத்தாமல், ஒரு ஆணியால் தட்டிப் பூச்சைத் தாண்டி உள்ளே தள்ள வேண்டும். பூச்சுக்குள் விரியும் பிளக் பூச்சைத்தான் உடைக்கும். ஓட்டையின் ஆழம் 65. பிட்டில் அந்த அளவில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் பார்த்துக்கொண்டே போடலாம். தூளை ஊதி எடுக்காமல் பிளக் தட்டினால் பாதியில் நின்றுவிடும், ஒரு குழாயால் ஊதுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. ஜன்னலுக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். சுவிட்சுக்கோ விளக்குக்கோ நேர் மேலே, நேர் பக்கவாட்டில் போகும் கோடுகளை விட்டு விலகித் துளையிடுங்கள்.

சுவரின் நிறத்திலேயே பலகைக்குப் பெயின்ட் அடித்தபின் அது கண்ணுக்குத் தெரிவதே இல்லை. பிராக்கெட்டுகளை 25 மில்லிமீட்டர் மர ஸ்க்ரூவால் பலகையில் பிடித்தேன். முன்துளை போடாமல் முறுக்கினால் மரம் பிளக்கும்.

இனி துணிக் கணக்கு. பிளாக்அவுட் துணியின் அகலம் 140 சென்டிமீட்டர். ராட் 190, இரண்டு மடங்கு மடிப்பு என்றால் 380. 380ஐ 140ஆல் வகுத்தால் 2.7. மேலே போய் 3 அகலம், ஒரு பக்கத்துக்கு ஒன்றரை. தைத்து முடித்த நீளம் 240, மேல் மடிப்புக்கு 12, கீழே 8 வீதம் இரட்டை மடிப்புக்கு 16. ஆகமொத்தம் 268. மூன்று அகலத்துக்கு 804. ஓரம் நேராக வெட்டக் கொஞ்சம் சேர்த்து 8 மீட்டர் 20. பூவோ கோடோ போட்ட துணி என்றால் கதை வேறு. 32 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும் டிசைன் என்றால் ஒவ்வொரு துண்டும் 288 ஆகிவிடும், ஏனென்றால் டிசைன் இணைய வேண்டும். அப்போது 60 சென்டிமீட்டர் வீண். எளிய நிறத்துணியே எடுத்தேன்.

ஷீர் 3 மீட்டர் அகலத்தில் கிடைக்கிறது. அதைப் படுக்கவைத்து, அகலத்தை உயரமாக வைத்துத் தைத்தால் நடுவில் தையல் இணைப்பே வராது. மெல்லிய துணியில் இணைப்பு வெளிச்சத்துக்கு எதிரே கோடாகத் தெரியும் என்பதால் இது பெரிய வசதி. 190க்கு இரண்டரை மடங்கு 475, ஓர மடிப்போடு 5 மீட்டர். மெல்லியதற்கு மடிப்பு தாராளமாக இருக்க வேண்டும். இரண்டு மடங்குக்குக் கீழே போனால் சோர்ந்து தொங்கும்.

தையலில் ஷீர்தான் படுத்தியது. மெஷின் காலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டே போகும். மெல்லிய காகிதத்தைக் கீழே வைத்துச் சேர்த்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்தேன். 70 எண் புது ஊசி, தையல் நீளம் 2.5. நூல் இறுக்கத்தைத் தளர்த்தாவிட்டால் ஓரம் முழுக்கச் சுருங்கும். கீழ் மடிப்புக்குள் ஈயக்குண்டு கோத்த எடைக்கயிறு விட்டேன். பெரிய செலவில்லை, காற்றில் துணி பறந்து ரோலரில் மாட்டுவது குறைந்துவிட்டது.

பிளாக்அவுட் வேறு மாதிரி. அதன் பின்புறம் நுரைப்பூச்சு. மூன்று தடவை பூசியதில் நடுவில் ஒரு கறுப்புப் படலம் இருக்கும், இருட்டைத் தருவது அதுதான். ஊசி குத்திய ஓட்டை அதில் மூடாது. ஒரு துண்டில் தைத்துப் பிரித்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், வரிசையாக நட்சத்திரம். அதனால் குண்டூசி இல்லை, துணிக் கிளிப் மட்டும். 90 எண் ஊசி, தையல் நீளம் 3.5, பிரித்துத் தைக்கும் பேச்சே இல்லை. இணைப்புத் தையலை விரித்து அழுத்தாமல் இரண்டு ஓரத்தையும் ஒரே பக்கம் மடித்து விட்டால் தையல் ஓட்டையின் வெளிச்சம் பெரும்பாலும் மறைந்துவிடும். அரை அகலத் துண்டை வெளி ஓரத்தில் வைத்தேன், இணைப்பு சுவர்ப்பக்கம் போய்விடும். இஸ்திரி துணிப்பக்கம் மட்டும், மிதமான சூட்டில்.

மேலே ஐலெட், அதாவது ராட் நுழையும் ஓட்டை வளையம். ஒரு பக்கத் திரை தைத்து முடித்து 200 அகலம் வந்தது. ஓரத்திலிருந்து 5 விட்டு, மீதி 190ஐ 13 இடைவெளியாகப் பிரித்தால் 14.6 சென்டிமீட்டருக்கு ஒன்று, மொத்தம் 14 ஐலெட். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இரண்டு ஓரமும் சுவரைப் பார்த்துத் திரும்பும். ஷீருக்கும் இதே மாதிரி ஐலெட்தான் அடித்திருந்தேன்.

மாட்டினால் ஓடவில்லை. சரியாகச் சொன்னால், ஓடியது, இரண்டும் சேர்ந்து.

ஐலெட் திரை ராடின் ஒரு பக்கத்தில் மட்டும் தொங்குவதில்லை. ஒரு மடிப்பு முன்னே, அடுத்தது பின்னே என்று ராடைச் சுற்றி அலையடிக்கும். இரண்டு ஐலெட்டுக்கு நடுவே 14.6 சென்டிமீட்டர் துணி. திரையை முழுக்க மூடியிருக்கும்போது அதற்கு ராடில் கிடைக்கும் இடம் 7 சென்டிமீட்டர் சொச்சம். மீதித் துணி முன்னும் பின்னும் தள்ளும், பக்கத்துக்கு 5, 6 சென்டிமீட்டர். ஓரத்தில் ஒதுக்கிவிட்டால் இன்னும் மோசம், 7 வரை போகும். ஷீரும் அதே கணக்கில் 5க்குக் குறையாமல் முன்னே வருகிறது. பிராக்கெட்டில் இரண்டு ராடுக்கும் நடுவே இருந்ததோ 8. கனத்துணி பின்னே 6, ஷீர் முன்னே 5, கூட்டினால் 11. எட்டுக்குள் பதினொன்று எப்படிப் போகும்? மடிப்புக்குள் மடிப்பு புகுந்து பூட்டிக்கொண்டது. இரட்டை பிராக்கெட்டின் பெட்டியில் ராடின் தடிமன், எடை, நிறம் எல்லாம் போட்டிருக்கிறது, இந்த ஒரு கணக்கு மட்டும் இல்லை.

பிராக்கெட்டை மாற்றி இடைவெளியை 12 ஆக்கலாம். அப்படிச் செய்தால் முன் ராட் சுவரிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும், பலகையின் தடிமனும் சேர்கிறது அல்லவா. பார்க்க அசிங்கம், பக்கவாட்டில் வெளிச்சம் கொட்டும், நெம்பும் விசையும் கூடும். முன் திரையைவிடப் பின் திரையை ஒல்லியாக்குவதுதான் வழி. ஷீரின் ஐலெட் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, கயிறு இழுத்தால் துணியைச் சுருக்கும் சுருக்கு டேப் வைத்துத் தைத்து, கொக்கி போட்டு, 16 மில்லிமீட்டர் ராடில் சின்ன வளையங்களில் தொங்கவிட்டேன். சுருக்கு டேப்பில் மடிப்புகள் நெருக்கமாகவும் சின்னதாகவும் விழும். முன்னும் பின்னும் இரண்டரை சென்டிமீட்டர்தான் எடுக்கிறது. கனத்துணியின் 6ம் இதன் 2.5ம் சேர்ந்து 8.5. பிராக்கெட்டின் முன்கை நீட்டிக் குறைக்கக்கூடியதாக இருந்ததால் ஒன்றரை சென்டிமீட்டர் இழுத்துவிட்டேன், இடைவெளி 9.5. அவ்வளவுதான், வழி விட்டது. வெட்டியதில் ஷீரின் உயரம் 10 சென்டிமீட்டர் போயிற்று. 3 மீட்டர் அகலத் துணியில் கீழ் மடிப்பைத் தாராளமாக விட்டிருந்ததால் அதை இறக்கிச் சமாளிக்க முடிந்தது.

வளையங்கள் ராடில் கிறீச்சிட்டன. மெழுகுவர்த்தியை ராடின் மேல்பக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன், சத்தம் நின்றது. எண்ணெய் மட்டும் வேண்டாம், துணியில் இறங்கிவிடும்.

கீழ் மடிப்பை இரண்டு துணியிலும் கடைசியாகத்தான் தைத்தேன், சில நாள் தொங்கவிட்ட பிறகு. நெருக்கமாக நெய்யாத துணி தன் எடையிலேயே கொஞ்சம் இறங்கும். இறங்கிய பிறகு தரையிலிருந்து மேல்நோக்கி அளந்து குறித்தேன். ராடிலிருந்து கீழ்நோக்கி அளந்திருந்தால் ஒரு ஓரம் தரையில் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் தரை இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். தரைக்கும் துணிக்கும் நடுவே 1.5 சென்டிமீட்டர் விட்டேன், துடைப்பம் போக. பருத்தித் துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். நூற்றுக்கு 3, 5 சென்டிமீட்டர் சுருங்கிவிடும், 240க்கு அது பெரிய தொகை. நான் எடுத்தது பாலியெஸ்டர் என்பதால் அந்தக் கவலை இல்லை.

பக்க வெளிச்சத்துக்கு ஒரு சின்ன ஏற்பாடு. கடைசி ஐலெட்டை மட்டும் பிராக்கெட்டைத் தாண்டி, ராடின் முனைக் குமிழுக்கு முன்னால் மாட்டினேன். அதனால் திரையை இழுக்கும்போது வெளி ஓரம் அங்கேயே நிற்கும். அந்த ஓரத்தைச் சுவர்ப்பக்கம் மடக்கி, பலகையின் முனையில் ஒரு கொக்கி வைத்து மாட்டிவிட்டேன். ராட் சுவரிலிருந்து இவ்வளவு தள்ளி நிற்பதால் வரும் பக்கச் சந்து இப்படி மூடிக்கொள்கிறது.

மேலே மட்டும் இன்னும் வெளிச்சம் வருகிறது. ராடுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாக மேலேறி கூரையில் ஒரு வெளிச்சப் பட்டை. ரோலரையும் இறக்கிவிட்டால் அது மங்கிவிடும், போகாது. பலகையின் மேல் விளிம்பில் 20 சென்டிமீட்டர் அகலத்தில் இன்னொரு பலகையைப் படுக்கைவசமாக வைத்து ஸ்க்ரூ போட்டிருந்தால் மூடி மாதிரி இருந்திருக்கும். இப்போது செய்தால் பிராக்கெட்டைக் கழற்ற வேண்டும். அடுத்த ஜன்னலுக்கு இரண்டு பலகையையும் கீழேயே வைத்து ஆங்கில L மாதிரி பிணைத்து, பெயின்ட் அடித்து, மொத்தமாகத் தூக்கி மாட்டுவதாக எண்ணம்.

செலவைப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக பிளாக்அவுட் துணிக்கே போயிற்று. அடுத்து ரோலர். ராடும் பிராக்கெட்டும் சேர்ந்து ஷீரைவிடக் கொஞ்சம் கூட. பலகை, ஸ்க்ரூ, பிளக், பெயின்ட் எல்லாம் சேர்த்தாலும் கடைசி இடம்தான். வீணானது ஷீருக்கு வாங்கிய ஐலெட்டும் பட்டையும். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஷீரில் மலிவாகப் போகலாம், யாருக்கும் தெரியாது. பிராக்கெட்டில் வேண்டாம். தகடு வளையும் பிராக்கெட்டை எவ்வளவு நல்ல பலகையில் பிடித்தாலும் முன்பக்கம் தலைகுனியும். முன்கை நீட்டிக் குறைக்கக்கூடியதா என்று கட்டாயம் பார்த்து வாங்குங்கள். அந்த ஒன்றரை சென்டிமீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் ஷீரை மாற்றிய பிறகும் அரை சென்டிமீட்டருக்கு உரசிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அடுத்த ஜன்னலுக்கு எதையும் வாங்கும் முன் ஒரு வேலை செய்யப்போகிறேன். ஒரு அட்டையில் சுவரின் பக்கவாட்டுத் தோற்றத்தை நிஜ அளவில் வரைந்து, ஜன்னல் அடித்திண்டு எவ்வளவு நீட்டியிருக்கிறது, கைப்பிடி எவ்வளவு, ரோலர் துணி எங்கே இறங்குகிறது, ஒவ்வொரு ராடும் எங்கே, ஒவ்வொரு துணியின் அலையும் எதுவரை என்று குறித்துவிட வேண்டும். கோடுகள் ஒன்றை ஒன்று தொட்டால் கடைக்குப் போவதற்கு முன்பே தெரிந்துவிடும். இரண்டு அலைகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் சும்மா விட்டுவைப்பேன். ஐலெட்டை முன்துணிக்கு மட்டும், அதுவும் 14.6க்குப் பதிலாக 12.7 சென்டிமீட்டருக்கு ஒன்று. அலை சின்னதாகும், ஐலெட் ஒரு பக்கத்துக்கு இரண்டு கூடும், முன் ராடையும் அந்த அளவுக்குச் சுவர்ப்பக்கம் தள்ளலாம். இன்னொன்று, கண்ணாடிக்கும் ரோலருக்கும் நடுவே மேலும் கீழும் காற்று போக வழி விடுவதை மறக்கக்கூடாது. வெயில் நேராக அடிக்கும் கண்ணாடியில் அடர்நிறத் துணியை ஒட்டி வைத்தால், சில வகைக் கண்ணாடி ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் குளிர்ந்திருந்து வெடிப்பு விடும். குளிர்நாளில் அதே இடத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை வரும். என் ரோலர் 5 சென்டிமீட்டர் தள்ளி இறங்குவது கைப்பிடிக்காகச் செய்தது. இந்தக் கணக்கிலும் அது உதவிவிட்டது.